முழங்கையில் ஒரு நரம்பு

“...அவங்களுதுல அந்த நரம்பு இல்ல அண்ணாத்த. குந்திப் பாத்தேன், தடவியும் பாத்தேன். எங்களுதுல கீது. அப்போ எங்களுதுதானே மொதல்ல ஊத்துனது? அத்த மட்டும் உன் வாயால சொல்லிடு, நான் பஸ்ஸப் புடிச்சிப் போய்க்கினே இருக்கேன்.”

தேவராஜ் இதைச் சொன்னது போன மாசி மாதம் ஒரு முற்பகலில், நெம்மேலியில் என் வீட்டு வாசலில். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இன்றைக்கும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார், அடுத்த ஸ்டாப்பில் யாருக்காவது எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்பது மாதிரி. நான் மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் ஒரு சிலைப் பட்டறையில் முப்பத்தாறு வருஷம் தலைவர்களைச் செய்து நிறுத்திவிட்டு வீட்டோடு இருப்பவன். அவர் கேட்டது ஒரு வார்த்தையில் முடிகிற கேள்வி. எனக்கோ பேச்சு என்றால் சோறு வேண்டாம். டீக்கடையில் ஒருத்தர் நல்லதாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் அதை நாலு பேரிடம் சொல்லாமல் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது. அப்பேர்ப்பட்டவனுக்கு அந்த ஒரு வார்த்தை லேசில் வரவில்லை.

பட்டறையில் இப்போது மெஷின் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் போட்டோவைக் காட்டினால் தெர்மாகோலைக் குடைந்து தலைவரை அதுவே வெளியே எடுத்துவிடுகிறது. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள், தங்கள் சங்கத்து மலருக்காக, கையால் செய்த காலத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பெருமையாக ஏதாவது வரும் என்று நினைத்துக் கேட்டிருப்பார்கள். என்னிடம் இருப்பது இதுதான். எந்தத் தலைவர், எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னொரு கல் பறக்கும்.

நான் எட்டாவதோடு நின்றவன். கொத்து வேலைக்குப் போனேன், மதில் சுவருக்கு மேல் சிங்கம் வைக்கிற வேலை பழகினேன், ஒரு சிங்கத்தின் பிடரியைப் பார்த்துவிட்டு தணிகாசலம் மாஸ்டர் என்னைப் பட்டறைக்கு அழைத்துக்கொண்டார். மனித உடம்பை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. வலை இழுக்கிறவர்களின் முதுகைக் கரையில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். கற்றதற்கு வேலை இல்லை என்பது பட்டறைக்குப் போன முதல் வாரமே தெரிந்துவிட்டது.

ஏனென்றால் எங்கள் பட்டறையில் இருந்தது ஒரே உடம்பு.

மாஸ்டர் வாலிபத்தில் களிமண்ணில் மூன்று மாதம் உட்கார்ந்து செய்த உடம்பு அது. வேட்டி, முழுக்கைச் சட்டை, கால்கள் ஒரு சாண் இடைவெளி, வலது கை மேலே. அதிலிருந்து ஃபைபரில் அச்சு எடுத்து, ஆறு துண்டாக்கி, போல்ட் போட்டு முடுக்குகிற மாதிரி வைத்திருந்தார். நாங்கள் மோல்டு என்போம். உள்ளே எண்ணெய் தடவி, கம்பி கட்டி, சிமெண்டும் மணலும் பொடி ஜல்லியும் கலந்து மேலிருந்து ஊற்றுவோம். ஊற்றும்போதே நீளக் கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு பிரித்தெடுத்து, ஈரச் சாக்கு சுற்றி மூன்று வாரம் தண்ணீர் விட வேண்டும். தலை மட்டும் தனி. அதை ஒவ்வொரு தலைவருக்கும் புதிதாகச் செய்து கழுத்துக் கம்பியில் இறக்குவோம். ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் இருக்கத் தோளைச் சுற்றித் துண்டு. விரல் நீட்டியவர், கை விரித்தவர் என்று உள்ளங்கை மாறும். அந்த ஒட்டு தெரியாமல் இருக்க மணிக்கட்டில் கடிகாரம். உங்கள் ஊர்த் தலைவர் துண்டும் கடிகாரமுமாக நின்றால் அது எங்கள் பட்டறையாக இருக்கலாம்.

மாஸ்டர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் மூன்றே கேள்வி கேட்பார். போட்டோ இருக்கிறதா, எத்தனை அடி, எந்தத் திசை பார்த்து நிற்கப் போகிறார். மேற்குப் பார்த்த சிலைக்குக் கண்ணை ஒரு நூல் ஆழமாகக் குடைவார், சாயங்கால வெயிலில் கண் குருடு மாதிரி தெரியக் கூடாது என்று. அவ்வளவு நுணுக்கமான மனிதர், அந்தத் தலைவர் யார், என்ன செய்தார் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. ஆறிய சிமெண்டை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார், வைத்தியர் மாதிரி.

ஒரு நாள் நான் கேட்டேன், எல்லாருக்கும் ஒரே உடம்பு என்று எவனாவது கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று. அதற்கு அவர் சொன்னார்: “ஜனம் மூஞ்சியப் பாக்கும்டா ஏகாம்பரம். அப்பறம் தூக்குன கையப் பாக்கும். நடுவுல கீறது நம்ம வசதிக்கு.”

நான் அதை ரசித்தேன். பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

படாளத்திலிருந்து உள்ளே போகிற ஒரு ஊர். ஊர்த் தெருக்காரர்கள் பஸ் நிற்கும் முக்கூட்டில் தங்கள் தலைவரை நிறுத்த வேண்டும் என்று வந்தார்கள். ஊற்றியவன் நான். தூக்கிய கையின் முழங்கைதான் அந்த மோல்டில் கஷ்டமான இடம். கம்பியை வளைத்து விட்டு அங்கே நிறையக் குத்த வேண்டும். அன்றைக்கு யாரோ தேர்தல் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் பதில் கதை சொல்லிக்கொண்டே குத்தினேன். பிரித்தபோது முழங்கையில் காற்று அடைத்திருந்தது. தலையை வைத்து, மொத்தத்தையும் தூக்கி நிறுத்தியபோது அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விட்டது. பார்க்க வந்த ஊர்க்காரர்கள் விரிசல் விட்டவரை நாங்கள் எப்படி நிறுத்துவது, கெட்ட சகுனம் என்று மறுத்துவிட்டார்கள். மாஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் இன்னொன்று ஊற்றிக் கொடுத்தார். விரிசல் விட்டவர் பின்பக்கம் சவுக்குத் தோப்பில், தென்னங்கீற்றுக்கு அடியில் போய் நின்றார்.

நாலு வருஷம் கழித்து அதே ஊரின் காலனியிலிருந்து தேவராஜ் வந்தார். அப்போது அவருக்குத் தலை முழுக்கக் கறுப்பு. தோளில் கண்டக்டர் பை, பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அனுமதிக் கடிதம். முக்கூட்டில் வைக்கக் கூடாது, காலனிக்குள் பட்டா இடத்தில் வைக்கலாம், சுற்றிலும் இரும்புக் கூண்டு போட வேண்டும், பதினைந்து நாளுக்குள் நிறுத்தியாக வேண்டும். மாஸ்டர் ஈரச் சாக்கே மூன்று வாரம் என்று பொறுமையாக விளக்கினார்.

தேவராஜ் கடிதத்தை மேஜை மேல் விரித்து, நாலு ஓரத்தையும் கையால் நீவினார். “ஏழு வருஷம் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி வாங்குன காயிதம் மாஸ்டர். பதினாறாவது நாளு இதுக்கு உசுரு இல்ல.”

மாஸ்டர் மேஜையை முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். “ஆயிடும். போய்ட்டு வாப்பா” என்றார்.

அவர் போனதும் என்னைச் சவுக்குத் தோப்புக்குக் கூட்டிப் போய்த் தென்னங்கீற்றை விலக்கினார். “தலைய மாத்து” என்றார். அவ்வளவுதான் உத்தரவு.

ஒன்றரை நாள் ஆயிற்று எனக்கு. துண்டை உளியால் கொத்தி எடுத்து, கழுத்தைச் சுற்றிலும் உடைத்து, உள்ளே இருந்த நாலு கம்பியையும் ரம்பத்தால் அறுத்தேன். ஊர்த் தெருக்காரர்களின் தலைவர் முகத்தை இரண்டு கையாலும் தாங்கி இறக்கினேன். தோப்பிலேயே குழி வெட்டிப் புதைத்தோம். மாஸ்டர் மேலே ஒரு கற்பூரம் கொளுத்தினார். புதுத் தலையைச் சின்ன அச்சில் ஊற்றி, தொட்டித் தண்ணீரில் போட்டு, பன்னிரண்டாம் நாள் பொருத்தினோம். முழங்கைக் கோட்டில் சிமெண்டுப் பால் அடைத்து, தேய்த்து, வர்ணம் அடித்தோம். வர்ணம் காய்ந்ததும் கோடு மெல்லிசாக மறுபடி எழுந்தது.

எடுத்துப் போக ஒரு மினி லாரியில் காலனியே வந்திருந்தது. பெண்கள், கிழவர்கள், மேளம் எல்லாம். தேவராஜ் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முழங்கையில் விரலை வைத்தார்.

“இது இன்னா மாஸ்டர் கோடு?”

“நரம்பு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தேவராஜ் அந்தக் கோட்டை மேலிருந்து கீழ் வரைக்கும் தடவினார். பிறகு ஜனத்தின் பக்கம் திரும்பி, “இத்தினி வருஷமா நமக்காகக் கைய எறக்காம தூக்கினுகீறாரு இல்ல, நரம்பு பொடைக்காதா?” என்றார். ஒரு கிழவி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சிலை போன அன்றைக்கே ஊர்த் தெருப் பக்கமிருந்து கல் வந்தது. தேவராஜின் தம்பிக்கு ஒரு கண் போயிற்று. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனபோது, கட்டுக்கு வெளியே இருந்த மற்ற கண்ணால் என்னைப் பார்த்து, “சிலைக்கு ஒண்ணும் ஆவலியே?” என்றுதான் கேட்டான். ஆகவில்லை என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் தலைவர் பிறந்த நாளுக்கு எனக்கு அழைப்பு வரும். மேடையில் உட்கார வைத்து, எங்கள் சிலைக்காரர் என்று சொல்லிச் சால்வை போடுவார்கள். அக்கம்பக்கத்துக் காலனிகளிலிருந்து வருகிறவர்களிடம் அந்த நரம்பைக் காட்டுவார்கள். அந்தப் பட்டறையில் நான் செய்தவற்றிலேயே ஜனம் நின்று பார்த்தது என் கவனக்குறைவை மட்டும்தான்.

மாஸ்டர் இறந்தார், நான் ஓய்வு பெற்றேன், மெஷின் வந்தது. மோல்டு பட்டறையின் பின்னால் மழையில் கிடந்தது. போன வருஷம் சென்னையிலிருந்து ஷாலினி என்று ஒரு பெண் வந்தாள். சிலை செய்கிறவள்தான், ஆனால் எங்கள் மாதிரி ஆர்டருக்குச் செய்கிறவள் இல்லை. தலைவர் சிலைகளை நாம் ஏன் இப்படியே செய்கிறோம் என்று கேட்பதுதான் அவள் செய்கிற சிலை. அந்த மோல்டைப் பார்த்துவிட்டு என் வீட்டைத் தேடி வந்தாள்.

எத்தனை கேள்வி கேட்டாள். ஏன் எல்லாருக்கும் வலது கை, ஏன் ஒருவர்கூட உட்காரவில்லை, களைப்பே இல்லையா அவர்களுக்கு, ஏன் துண்டு, ஏன் கடிகாரம். வாழ்நாளில் ஒருத்தரும் என்னிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. துண்டுக்கும் கடிகாரத்துக்கும் காரணம் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அமைதியாகி, “அப்போ அவங்க யாருமே அங்க இல்லை, இல்லையா அண்ணா?” என்றாள். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப் போயிற்று. அன்றிலிருந்து அவளுக்கு வேலையாள் நான்தான்.

அதே மோல்டில் தலை இல்லாமல் பன்னிரண்டு உடம்பு ஊற்றினோம். வர்ணம் இல்லை, வெறும் சிமெண்டு. பதின்மூன்றாவதை ஊற்றி, தூக்கிய கையைத் தோளோடு அறுத்து, கீழே தொங்குகிற மாதிரி ஒட்டச் சொன்னாள். ஒட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தேன். கையை இறக்கியதும் அந்த உடம்பு முதல் தடவையாக ஒரு ஆள் மாதிரி இருந்தது. வேலை முடிந்து, பஸ்ஸுக்கு நிற்கிற ஆள். முப்பத்தாறு வருஷத்தில் நான் செய்த ஒரே மனிதன் அதுதான் என்று தோன்றிற்று.

வேலைக்கு நடுவே அவள் கேட்டாள், இந்த உடம்பெல்லாம் எங்கெங்கே போயிற்று என்று. எனக்கா தெரியாது? விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். இந்த ஊர், இந்தப் பேட்டை, இந்த முக்கூட்டு. அந்த ஊரைச் சொல்லும்போது, “ஒரே ஊரும்மா, தெருவுக்கு ஒண்ணு, காலனிக்கு ஒண்ணு” என்று பெரிய வேடிக்கையாகச் சொன்னேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். தலையை வெட்டியதை மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

திருவிடந்தையில் கடலைப் பார்த்த ஒரு வெள்ளைக் கட்டடத்தில் கண்காட்சி. நான் புது வேட்டி கட்டிப் போனேன். பன்னிரண்டு உடம்பும் வரிசையாகக் கையைத் தூக்கி நின்றன, கடைசியில் கை இறங்கியவன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு காலடியிலும் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் நான் சொன்ன இடங்களின் பெயர். ஆறாவதும் ஏழாவதும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே ஊர்ப் பெயர், ஒன்றில் தெரு, ஒன்றில் காலனி. அங்கே வந்திருந்தவர்கள் ஆளுக்கொரு கோப்பையோடு அதைப் படித்துத் தலையாட்டினார்கள். நான் அந்த இரண்டு தகட்டையும் மறுபடி படித்தேன். இவர்களில் யார் படாளம் பக்கம் போகப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவது நாள் அந்த இரண்டு தகடும் எல்லார் போனிலும் இருந்தன.

ஊர்த் தெருவில் கொதித்தார்கள். தங்கள் தலைவருக்கும் காலனித் தலைவருக்கும் ஒரே உடம்பா என்று. சிலையைக் கிரேன் வைத்து இறக்கிவிட்டு, வேறு எங்கோ மெஷினில் இதைவிட இரண்டு அடி உயரமாக ஒன்று செய்யச் சொல்லிவிட்டார்கள். முக்கூட்டில் போலீஸ் வேன் வந்து நின்றது. ஷாலினிக்குப் போன் செய்தேன். தகடுகளை அன்றைக்கே பிடுங்கிவிட்டதாகச் சொன்னாள். குரல் உடைந்திருந்தது. “ஆனா நான் சொன்னது பொய்யா அண்ணா?” என்று கேட்டாள்.

பொய் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். அவள் கேட்டதெல்லாம் நியாயம். அந்தப் பொய் உடம்புக்காகக் கண்ணைக் கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது அவள் நோட்டில் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான். ஊர் ஊராகப் பெயர் சொல்லத் தெரிந்த வாய்க்கு அது தோன்றவில்லை.

இதற்குப் பிறகுதான் தேவராஜ் வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மூத்த மகன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். கம்பெனி பஸ்ஸில் ஊர்த் தெருப் பையன்கள் இரண்டு பேர், “எங்காளு கழட்டிப் போட்ட உடம்ப மாட்டிகினு நிக்கிறாருடா உங்காளு” என்றார்களாம். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அது அப்படியே நிஜம் என்று அவர்களுக்கும் தெரியாது. மகன் இரண்டு வாரமாக வேலைக்குப் போகவில்லை. தம்பி ஒற்றைக் கண்ணோடு கூண்டுக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான்.

“அவங்க சிலைய கிரேன்ல எறக்கி ரோட்டோரமா சாச்சி வெச்சாங்கோ” என்று தேவராஜ் சொன்னார். “என் ஆயுசுல அது கிட்ட அப்பதான் போனேன். போலீசு நின்னுகினு இருந்தான், ஒண்ணும் சொல்லல. மொழங்கைய தடவுனேன். வழவழன்னு கீது. அசல்ல இருக்கறது நகல்ல அழிஞ்சி பூடும் இல்ல? எங்களுத பாத்துத்தான் அவங்களுக்கு ஊத்திக் கீறாரு மாஸ்டரு. என் தம்பிகிட்ட சொன்னேன், அவன் ஒன்னக் கேட்டுகினு வரச் சொன்னான்.”

அவர் கணக்கு தப்பு. ஊர்த் தெருச் சிலை அவர்களுடையதற்கு நாலு வருஷம் முன்னால் நின்றது. அனுமதிக்காக ஏழு வருஷம் அலைந்தவருக்கு அது மறந்திருக்காது. மறக்க முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். நான் என்ன சொன்னாலும் நம்புவதற்கு நாற்காலி நுனியில் காத்திருந்தார்.

அது நரம்பு இல்லை, நான் கம்பியால் சரியாகக் குத்தாததில் விழுந்த விரிசல். அவர்கள் வேண்டாம் என்று தள்ளியதை, அவர்கள் தலைவரின் தலையை என் கையால் அறுத்துவிட்டு உனக்குக் கொடுத்தோம். இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் எழுந்து பஸ் பிடித்துப் போவார், கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவனிடம் போய்ச் சொல்வார். அவர் சட்டைப் பையில் கண்ணாடிக் கூடும் பஸ் பாஸும் எட்டிப் பார்த்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னேன். “உங்களுதுதான் தேவராஜு. உங்களுதுதான் மொதல்ல ஊத்துனது.”

ஊற்றிய நாளை மட்டும் கணக்கில் எடுத்தால் அது பொய்கூட இல்லை. அந்த உடம்பு முதலில் ஊற்றியதுதான், ஊர்த் தெருவில் நின்றது அதற்குப் பிறகு ஊற்றியதுதான். யாருக்காக ஊற்றினேன் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். மாஸ்டர் ஒரே வார்த்தையில் செய்ததை நான் இரண்டு வாக்கியத்தில் செய்தேன். இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை அதைவிட உயர்ந்த காரணம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தேவராஜின் தோள் இரண்டும் இறங்கின. வந்ததிலிருந்து முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். என் மருமகள் வைத்துவிட்டுப் போன டீயை எடுத்து, ஆறிப்போனதைக்கூடக் கவனிக்காமல் ஒரே மூச்சில் குடித்தார்.

“இன்னொரு வாட்டி சொல்லு அண்ணாத்த” என்றார். “ஒன் பேரு, பட்டறை, எங்க ஊரு, எல்லாம் சேத்து நிதானமா சொல்லு. ஊர்த் தெருவுல கீறவங்களும் கேக்கட்டும்.”

சொல்லிக்கொண்டே வீடியோ பிடிக்கப் போனை எடுத்தார். சட்டை நுனியால் அதன் கண்ணாடியைத் துடைத்தார். நாற்காலியை எனக்கு முன்னால் இழுத்துப் போட்டு, வெயில் என் முகத்தில் விழுகிற மாதிரி ஒரு அடி தள்ளிவைத்து, போனை என் வாய்க்கு நேராகப் பிடித்தார்.